ஃபெரிட்டின் 6

மார்ச் 3
மாதவிடாயின் இரண்டாம் நாள். காலையில் மாற்றிய நாப்கின் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கட்டி கட்டியாகப் போகிறது. அடர்நிறச் சுடிதாராகத் தேடி எடுத்து அணிந்துகொண்டு வேலைக்குக் கிளம்பினேன். மாடிப்படியில் பாதியிலேயே மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன். "சிலருக்கு அப்படித்தான் போகும், பொறுத்துக்கொள்" என்பார் பெரியம்மா. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டே எத்தனை பெண்கள் உடம்பைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்களோ!

மார்ச் 6
போக்கு நின்றுவிட்டது, அசதி போகவில்லை. சில வாரங்களாக ஃப்ரீசரைத் திறந்து ஐஸ் கட்டிகளை எடுத்துக் கடித்துக்கொண்டே இருக்கிறேன். பல் கூசினாலும் விட முடியவில்லை.

மார்ச் 9
பெண்கள் நல மருத்துவரைப் பார்த்தேன். "எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுகிறீர்கள்? இரவில் அதற்காக எழுந்திருக்கிறீர்களா?" இதுவரை யாரும் இதையெல்லாம் என்னிடம் கேட்டதில்லை. ஒரு மாதவிடாயில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. வீட்டில் யார் அளப்பார்கள்? ஓரிரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, 7 நாளைத் தாண்டினாலோ, அன்றாட வேலை கெட்டாலோ சிகிச்சை வேண்டும் என்றார். ஐஸ் விஷயத்தைத் தயங்கித்தான் சொன்னேன். இரும்புச்சத்துக் குறைந்தவர்களுக்கு அந்த ஆசை வருவதுண்டாம். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் அளவு), தைராய்டு, ஸ்கேன் எல்லாம் எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 11
ஹீமோகுளோபின் 9.8; 12 இருக்க வேண்டும். ஃபெரிட்டின் வெறும் 6. அது 15-க்குக் கீழே போனாலே உடம்பின் இரும்புக் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். கோபமாக வருகிறது. சென்ற ஆண்டுப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.1 என்று வந்ததும் "எல்லாம் நார்மல்" என்று அனுப்பிவிட்டார்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே கையிருப்பு வற்றத் தொடங்கிவிடும்; ஃபெரிட்டின் பார்த்தால்தான் அது தெரியும்.

ஒரு மில்லி ரத்தத்தோடு ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. 80 மில்லிக்கு 40 மில்லிகிராம். சாதாரணமாகக் குடல் உறிஞ்சுவதோ நாளுக்கு 1 முதல் 2 மில்லிகிராம்தான். மாதாமாதம் இப்படிப் போனால் எப்படி ஈடுகட்டும்?

ஸ்கேனில் ஒரு சிறிய ஃபைப்ராய்டு, அதாவது கருப்பைத் தசைக்கட்டி. புற்றுநோய் இல்லை. சிறியதுதான் என்றாலும் கருப்பையின் உட்பக்கமாகத் துருத்திக்கொண்டிருப்பதால்தான் இத்தனை போக்கு. அளவைவிட இடம்தான் முக்கியமாம்.

மார்ச் 31
ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை, போக்கு உள்ள நாட்களில் மட்டும். ரத்தக்குழாயில் உறைகட்டி வந்தவர்களுக்குப் பொதுவாக இதைக் கொடுப்பதில்லை என்பதால், தருவதற்கு முன் மருத்துவர் அதையும் கேட்டுக்கொண்டார். நேற்று இரவு எழுந்திருக்கவே இல்லை. விடியும்வரை தூங்கினேன்!

ஏப்ரல் 20
ஐஸ் ஆசை போயே போய்விட்டது. இரும்பு மாத்திரையால் மலம் கறுத்துப் போகிறது, பயப்பட வேண்டியதில்லை. மாத்திரையை ஒட்டிக் காபி, டீ குடித்தால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்ட பிறகும் கையிருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் விழுங்க வேண்டும்.

தங்கை பேசினாள். பூப்படைந்த நாளிலிருந்தே அவளுக்கும் இப்படித்தானாம். பல் பிடுங்கியபோதும் ரத்தம் நிற்க வெகுநேரம் ஆனதாம். ஃபெரிட்டினோடு ரத்தம் உறையும் தன்மையையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். புதன்கிழமை போகிறாள், நானும் கூடப் போகிறேன்.