சான்-பியேரிலிருந்து முஃபியா விடுதிக்கு

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் பக்கலோரேயா என்னும் பள்ளி இறுதித் தேர்வின் முடிவு ஜூலை முதல் வாரத்தில் வந்துவிடும். பல்கலைக்கழகம் ஆகஸ்ட் கடைசி வாக்கில் தொடங்கும். பிள்ளையைப் பல்கலைக்கழக விடுதிக்கு அனுப்பத் தயாராக நடுவில் இருப்பது ஏழெட்டு வாரம், அதுவும் இங்கே குளிர்காலம். ஊரில் பிள்ளையை ஹாஸ்டலில் சேர்த்தவர்களுக்கு இது தாராளமான அவகாசமாகத் தெரியும். பெட்டி, பக்கெட், போர்வை, ஊறுகாய் வாங்கினால் வேலை முடிந்தது. இங்கே சாமான் வாங்குவது இரண்டு சனிக்கிழமை வேலைதான். மற்ற நாளெல்லாம் தாள்களோடு போகும்.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி முத்தியால்பேட்டைதான் எங்கள் ஊர். மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்கிறேன் என்று எழுதிக்கொடுத்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அந்த உரிமையை வைத்துத்தான் நாங்கள் இங்கே வந்து இறங்கினோம். பாஸ்போர்ட் பிரெஞ்சு, வீட்டில் பேச்சு தமிழ். என் கணவர் பிரெஞ்சு பேசுவார், எழுத வராது. எனக்குக் கடைக்கும் சந்தைக்கும் போதுமான கிரியோல், அதாவது இந்தத் தீவின் பேச்சுமொழி, உண்டு. பிள்ளைகள் இங்கேயே கொலேஜ், லிசே என்று நடுநிலை, மேல்நிலைப் பள்ளிகளில் படித்து வந்ததால், வீட்டுக்கு வரும் கடிதங்களைப் படிப்பது மூத்தவள் பொறுப்பாகிவிட்டது. வரி அலுவலகக் கடிதம், மின்சார பில், டாக்டர் எழுதிய சீட்டு எல்லாம் அவள் கைக்குத்தான் போகும். பன்னிரண்டு வயதில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டர் கேட்பதைத் தமிழிலும் நான் சொல்வதைப் பிரெஞ்சிலும் மாற்றிச் சொன்னவள் அவள். வெளிநாட்டுக்கு வந்த நம் வீடுகள் பலவற்றில் இதுதான் நிலைமை. ஆகவே அவள் விடுதிக்குக் கிளம்புகிறாள் என்றதும் எங்கள் வீட்டில் இரண்டு பேர் தயாராக வேண்டியிருந்தது. அவளும் நானும்.

ஏன் விடுதி என்று புதுச்சேரி உறவுக்காரர்கள் கேட்டார்கள். வயசுப் பெண், ஒரே தீவு, வீட்டிலிருந்தே போய்வரட்டுமே என்றார்கள். நாங்கள் இருப்பது தெற்கே சான்-பியேர். அவளுக்கு இடம் கிடைத்த முஃபியா வளாகம் வடக்கே சான்-தெனியில். சாலை வழியாக ஏறக்குறைய 80 கிலோமீட்டர். லா பொஸெஸியோனுக்கும் சான்-தெனிக்கும் நடுவில் பழைய சாலை கடலுக்கும் செங்குத்தான மலைக்கும் இடையில் போகிறது, பாறை உருண்டு விழும் இடம் அது. அதற்கு மாற்றாகக் கடல்மேல் கட்டிய 5.4 கிலோமீட்டர் பாலம் 2022-இல் திறந்தது. பாறை பயம் தணிந்தது, காலை நெரிசல் தணியவில்லை. மஞ்சள் பஸ்ஸில் எட்டு மணி வகுப்புக்குப் போக வேண்டுமென்றால் விடியும் முன்பே நிறுத்தத்தில் நிற்க வேண்டும். முதல் வருஷம் படிக்கிற பிள்ளையின் நாளில் நான்கு மணி நேரத்தைச் சாலைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உறவுக்காரர்களிடம் இதைத்தான் சொன்னேன்.

விடுதி இடத்துக்கும் உதவித்தொகைக்கும் ஒரே விண்ணப்பம்தான், எல்லாரும் அதைத் தோசியே என்பார்கள். மார்ச்சில் இணையத்தில் திறந்து மே வரை இருக்கும். அதாவது பரீட்சை முடிவுக்கு வெகு முன்பே, எந்தக் கல்லூரி என்று தெரியாதபோதே போட வேண்டும். புதிதாக வந்த குடும்பங்கள் முடிவு வரட்டும் என்று காத்திருந்து இதைத் தவறவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கேட்கப்படும் வரித்தாள் இந்த வருஷத்தையது அல்ல, இரண்டு வருஷத்துக்கு முந்தைய வருமானத்துக்கானது. வருமானம் குறைவாக இருந்தாலும், ஏன் வருமானமே இல்லாவிட்டாலும், வருஷா வருஷம் வரிக் கணக்கு கொடுத்து அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டியது இதற்காகத்தான். வீட்டுக்கும் படிக்கும் இடத்துக்கும் 30 கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருந்தாலும், வீட்டில் வேறு பிள்ளைகள் இருந்தாலும் அதையும் கணக்கில் சேர்த்துப் பார்க்கிறார்கள். பணம் வருஷத்தில் 10 மாதம்தான் வரும். மீதி இரண்டு மாதத்துக்கு நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பல்கலைக்கழகப் பதிவுக்கு முன் செவெக் என்று ஒரு மாணவர் கட்டணம் உண்டு, 100 யூரோவுக்குச் சற்று மேல். உதவித்தொகை பெறும் பிள்ளைகள் அதைக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சான்றிதழை மட்டும் அவர்களும் எடுத்தே ஆக வேண்டும், அது இல்லாமல் பதிவு நகராது. அப்புறம் பிள்ளை பெயரிலேயே வங்கிக் கணக்கு, அதன் விவரத் தாளான ரிப், அறைக்கு இன்சூரன்ஸ், வாடகைக்கு ஜாமீன். ஜாமீன் கையெழுத்துப் போட இங்கே நமக்கு மாமா சித்தப்பா கிடையாது. விசால் என்ற ஏற்பாடு இருக்கிறது, இலவசமாகவே ஜாமீன் நிற்கும். சொந்தக்காரர் இல்லாத ஊரில் இது எவ்வளவு பெரிய உதவி என்பதை அனுபவித்தால்தான் தெரியும்.

காஃப் என்னும் குடும்ப நிதி அலுவலகம் வாடகைக்குக் கொடுக்கும் உதவியைத் தனியாகச் சொல்ல வேண்டும். குடி போன முதல் மாதத்துக்கு அது வராது, அடுத்த மாதத்திலிருந்துதான் கணக்கு. சாவி வாங்கிய உடனே விண்ணப்பம் போடாவிட்டால் இன்னொரு மாதமும் கையை விட்டுப் போகும். இன்னொன்று, பிள்ளை தன் பெயரில் வீட்டு உதவி வாங்கத் தொடங்கினால், அந்தப் பிள்ளைக்காகப் பெற்றோருக்கு வந்துகொண்டிருந்த குடும்பப் படி நின்றுவிடும். எது மேல் என்று முன்கூட்டியே தாளை வைத்துக் கணக்குப் போட வேண்டும். எங்களுக்கு அவள் பெயரில் வாங்குவதே மேலாக இருந்தது. சின்னப் பிள்ளைகள் நிறைய இருக்கும் வீட்டில் விடை வேறாக இருக்கலாம்.

இந்த வேலைகள் அத்தனையையும் அவளையே செய்யச் சொன்னேன். பதினெட்டு வயதானதும் அலுவலகம் அவளிடம்தான் பேசும், நான் ஃபோன் செய்தால் பதில் சொல்லாது. இத்தனை வருஷம் எங்கள் தாள்களைப் பார்த்தவளுக்கு இது புதிதல்லவே என்று தோன்றும். ஆனால் எங்கள் பெயரில் வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வது வேறு, தன் பெயரில் கையெழுத்துப் போட்டு அதற்குத் தானே பொறுப்பேற்பது வேறு. முதல் தடவை கையெழுத்துப் போடும்போது, "அம்மா, இது சரியா?" என்று என்னைப் பார்த்தாள். "நீ படிச்சியா? புரிஞ்சுதா? அப்போ போடு" என்றேன்.

என் பங்கு இன்னொரு பக்கம் நடந்தது. மாலையில் சமையல் முடிந்ததும் ஒரு மணி நேரம் அவள் எனக்கு டீச்சர். பழைய கடிதங்களின் முகப்புகளை வெட்டி ஒரு நோட்டில் ஒட்டினாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழில் எழுதினாள். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன தமிழ் அது, ஒற்றுப் பிழை நிறைய, எனக்குப் புரிந்தது. இந்தச் சின்னம் இருந்தால் காஃப், அன்றைக்கே பிரி. இது வரி, கீழே இருக்கும் தேதியைப் பார். இது விளம்பரம், தூக்கிப் போடு. ஃப்ரான்ஸ் செர்விஸ் என்ற அரசு உதவி மையத்துக்கு என்னை அழைத்துப் போனாள். காஃப், வரி, ஓய்வூதியம் போன்ற தாள் வேலைகளுக்கு அங்கே காசு வாங்காமல் உட்கார்ந்து உதவுகிறார்கள். அவள் வாசலுக்கு அருகில் நின்றுகொண்டு என்னையே பேசச் சொன்னாள். பாதி பிரெஞ்சு, பாதி கிரியோல். மையத்தில் இருந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டு எழுதிக் கொடுத்தார். மொழி வரவில்லை என்று பிள்ளையைப் பிடித்து நிறுத்தும் அம்மாக்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த மையத்தைத்தான். போய் உட்காருங்கள்.

சாமான் விஷயம் சுருக்கம். விடுதியில் கட்டில், மேசை, அலமாரி உண்டு. அறை சிறியது, இந்த நாட்டின் பழைய பாணி மாணவர் அறை என்றால் 9 சதுர மீட்டர். படுக்கை விரிப்பு, தலையணை, ஒரு ஆள் சமைக்கும் பாத்திரம், சின்ன மின்விசிறி, கொசுவுக்கு மருந்து போதும். கொசுவை லேசாக எடுக்காதீர்கள். 2005-06-இல் சிக்கன்குன்யா இந்தத் தீவையே படுக்க வைத்தது, 2025-இல் திரும்ப வந்தது. ரைஸ் குக்கர் போன்றவற்றை வாங்கும் முன் அறையில் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சாவி கொடுக்கும்போது அறையின் நிலையை எழுதும் படிவம் ஒன்றில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். அதை அவசரப்படாமல் செய்யுங்கள். சுவரில் கீறல், கதவில் விரிசல், ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் எழுத வேண்டும். எழுதாததெல்லாம் போகும்போது நம் கணக்கில் சேர்ந்து முன்பணத்தில் கழியும். அவள் எழுத, என் கணவர் ஃபோனில் படம் எடுத்தார். ஜன்னலைத் திறந்து மூடி, ஷவரைத் திருப்பிப் பார்த்து, ஒரு மணி நேரம் ஆயிற்று.

சாப்பாட்டுக்குக் கவலைப்படவில்லை. இது சோறு சாப்பிடும் ஊர். மாணவர் உணவகத்தில் உதவித்தொகை பெறும் பிள்ளைகளுக்கு ஒரு வேளை 1 யூரோ. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் இங்கே நிறையப் பேர், அதைச் சொல்லிக் கேட்பது யாருக்கும் புதிதல்ல. ரசம், பருப்பு, முட்டைக் குழம்பு மூன்றும் அவளுக்குக் கை பழகியிருந்தது. எதிர்வீட்டுப் பாட்டி மல்பார், அதாவது வெகு காலம் முன்பே இங்கே வந்து குடியேறிய தமிழர் வழி வந்தவர், அவருக்குத் தமிழ்ப் பேச்சு கிடையாது, ஆனால் தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவர். ப்ளேன் தே க்ரேக் மலையில் விளைந்த மஞ்சள்தூளை ஒரு பாட்டிலில் போட்டுக் கொடுத்தார். சான்-தெனியில் காளிகாம்பாள் கோயிலுக்குப் போகும் வழியையும் அவர்தான் அவளுக்குச் சொன்னார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன், அது புயல். நவம்பர் முதல் ஏப்ரல் வரை பருவம். ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் பள்ளிகள் மூடும், சிவப்பில் யாரும் வெளியே போகக்கூடாது, அதற்கும் மேலே ஊதா. 2024 ஜனவரியில் பெலால் வந்தபோது ஊதா போட்டார்கள். 2025 பிப்ரவரியில் கரான்ஸ் வடக்குப் பக்கத்தைத்தான் அடித்தது, அவள் இருக்கப்போகும் பக்கம். ஆகவே ஒரு முடிவு செய்துகொண்டோம். மஞ்சள் முன்னெச்சரிக்கை வந்த அன்றைக்கே வீட்டுக்கு வருவதா, அங்கேயே இருப்பதா என்று அவள் தீர்மானிக்க வேண்டும். அதற்குப் பிறகு சாலையில் கால் வைக்கக்கூடாது, நானும் வா என்று கூப்பிடமாட்டேன். கட்டிலுக்குக் கீழே ஒரு பை எப்போதும் இருக்கும். தண்ணீர் பாட்டில், டின் மீன், பிஸ்கட், டார்ச், பேட்டரி, பவர் பேங்க், பிளாஸ்டிக் உறையில் அடையாளத் தாள்கள்.

இப்போது கடிதம் வந்தால் நான்தான் பிரிக்கிறேன். முதலில் நோட்டைப் பார்த்துப் படிக்க முயல்வேன். புரியாதது உதவி மையத்துக்குப் போகும். அதற்கும் மிஞ்சினால்தான் படம் எடுத்து அவளுக்கு அனுப்புவது, அதுவும் சனிக்கிழமை மட்டும். வகுப்பில் இருக்கும் பிள்ளையை வீட்டுத் தாளுக்காக நடுவில் அழைப்பதில்லை என்று அவரும் நானும் பேசி வைத்திருக்கிறோம். அவள் அங்கே போயிருப்பது படிக்க. வீட்டு எழுத்தர் வேலையை அவள் பையோடு சேர்த்து அனுப்ப நாங்கள் விரும்பவில்லை.

சின்னவன் லெ தம்போன் வளாகத்தில் படிக்கப் போவதாகச் சொல்கிறான். அது பக்கம், வீட்டிலிருந்தே போய்வரலாம், விடுதி தேவைப்படாது. ஆனாலும் மார்ச்சில் தோசியே திறக்கும்போது அவனும் தன் பெயரில் தானே உட்கார்ந்து நிரப்புவான். வரித்தாளை நான் எடுத்து வைத்துவிட்டேன்.