நகத்துக்கென்று ஒரு மதியம்

ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருமுறை ஊட்டி கமர்ஷியல் ரோடு பக்கம் பார்லருக்குப் போய், சொந்த நகத்தின் மேல் பூசி இறுகவைக்கும் செயற்கையான அக்ரிலிக் நகத்தைச் சரிசெய்துகொண்டு வருவது இப்போது என் வழக்கம். நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். அடிப்பக்கம் விழும் இடைவெளியை நிரப்பாமல் விட்டால் ஓரம் தூக்கி, தண்ணீர் புகுந்து வம்பாகிவிடும்.

எனக்குப் பிடித்தது பார்லரில் நகம் போடும் தங்கச்சி வேலை செய்வதைப் பார்ப்பதுதான். பிரஷ்ஷை மோனோமர் என்ற, பவுடரோடு சேர்ந்தால் இறுகும் திரவத்தில் நனைத்துப் பவுடரில் தொட்டதும் நுனியில் குட்டி முத்து மாதிரி ஓர் உருண்டை திரளும். அதை நகத்தில் வைத்து, இறுகுவதற்குள் தட்டித் தட்டி வடிவம் கொண்டுவர வேண்டும். ஜனவரிக் குளிரில் அது லேசில் இறுகாது. ஹீட்டரைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, "அக்கா, கையை அசைக்காதீங்க" என்பாள். நெடிதான் தாங்காது. ஜன்னலைத் திறந்தால் பனிக்காற்று. சரி, எதையாவது ஒன்றைச் சகிக்கத்தானே வேண்டும்!

"இந்த நகத்தை வெச்சிக்கிட்டு கேரட் எப்படிம்மா சீவுவே?" என்று அத்தை கேட்கிறார். சீவலாம் அத்தை, ஸ்வெட்டரைக் கழற்றுவதுதான் கஷ்டம். கம்பளி இழை போய் மாட்டும்.

இந்த முறை கருஞ்சிவப்பு. அடுத்ததுக்கு நீலமா பச்சையா, சொல்லுங்கப்பா.