இது என்ன பதிவு?

வன்னியில் ஒரு வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு கையில் படிவத்தோடு போனால், வீட்டுக்காரர் முதலில் கேட்பது "இது என்ன பதிவு?" என்றுதான். 2009இல் போர் முடிந்தபோது இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் தொடங்கி, மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம், வாழ்வாதாரம், 2023இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு என்று இந்தச் சனம் கொடுத்த பதிவுகளுக்குக் கணக்கில்லை. பதிவென்றால் ஏதாவது கிடைக்கும். இல்லாவிட்டால் இருப்பது வெட்டுப்படும். பதில்களும் அதற்கேற்ப வளையும். மோட்டார் சைக்கிள் மறையும், வருத்தம் ஒன்று கூடும். வவுனியா போன்ற நகரத்தில் இருக்கும் இலாப நோக்கற்ற வைத்தியசாலை ஒன்று சுற்றுவட்டாரத்தின் சுகாதாரத் தேவையை அறியப் புறப்படும்போது, படிவம் நீள நீள உண்மை குறையும் என்பதை மறக்கக்கூடாது.

அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படியான வைத்தியசாலைகள் 3 ஆண்டுக்கு ஒருமுறை சமூகத்தின் சுகாதாரத் தேவையை மதிப்பிட்டு அறிக்கை வெளியிடவேண்டும். தவறினால் 50,000 டொலர் வரி. இங்கே சமூக சுகாதாரம் என்பது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பொறுப்பு. அதை விட்டுவிட்டுத் தனியே கணக்கெடுக்கப் போகும் வைத்தியசாலை, பணிமனை அலுமாரியில் ஏற்கெனவே இருப்பதையே திரும்ப எழுதிக்கொண்டு வரும்.

முதல் வேலை வைத்தியசாலைக்குள்ளேயே இருக்கிறது. வெளிநோயாளர் பதிவேட்டில் முகவரி என்ற இடத்தில் பாதிப்பேருக்கு "வவுனியா" என்று மட்டும் இருக்கும். நெடுங்கேணியில் இருந்து வந்தவரும் வவுனியா, குருமன்காட்டுக்காரரும் வவுனியா. அந்தப் பத்தியைக் கிராம அலுவலர் பிரிவாக மாற்றி, பக்கத்தில் "வருத்தம் தொடங்கி எத்தனை நாள்" என்று இன்னொரு பத்தி சேர்த்தால், 6 மாதத்தில் ஒரு வரைபடம் கிடைக்கும். அதில் நோயாளர் நெருக்கமாக வரும் ஊர்களை விட, ஒருவரும் வராத ஊர்களைத்தான் பார்க்கவேண்டும். அந்த வெறுமைக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். சனம் சுகமாக இருக்கலாம், வேறு வைத்தியசாலைக்குப் போகலாம், ஓரிடமும் போகாமல் கடையில் நோவுக் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு கிடக்கலாம். எது என்று பதிவேடு சொல்லாது. அந்தப் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியும். வீடு வீடாகப் போகிறவர் அவர். ஆனால் அவரிடம் நேரே போகாமல் சுகாதார வைத்திய அதிகாரி ஊடாகப் போகவேண்டும். எண்ணிக்கைகளை மட்டும் கேட்கவேண்டும், பெயர்களைக் கேட்கக்கூடாது.

அதற்குப் பிறகும் விடை கிடைக்காத கேள்விகளுக்குத்தான் வீட்டுக் கணக்கெடுப்பு. வழக்கமான முறை 30 கொத்து, அதாவது 30 இடம், ஒவ்வொன்றிலும் 7 வீடு: கிராம அலுவலர் பிரிவுகளின் சனத்தொகையை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய், மொத்தத்தை 30ஆல் வகுத்து, அந்த இடைவெளிக்கு ஓர் இடம் எடுப்பது. மொத்தம் 210 வீடுகள். தடுப்பூசி பரவலை அளக்க வந்த முறை இது. 10 சதவீதப் புள்ளி முன்பின்னாகத்தான் சொல்லும். 7 வீட்டை வைத்து ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிட்டு அறிக்கை எழுதுவது தவறு; ஆனால் அப்படி எழுதுகிறவர்கள் உண்டு. பட்டியலிலும் சிக்கல். கிராம அலுவலரிடம் பதிந்திருப்பவர்களில் சிலர் யாழ்ப்பாணத்தில், சிலர் கடல் கடந்து. பூட்டிய வீட்டை விட்டு அடுத்த வீட்டுக்குப் போகும்போது, தார் வீதியோர வீடுகளே திரும்பத் திரும்ப அகப்படும். வாய்க்கால் கடைசியில் இருக்கிற குடிசைக்கு ஒருவரும் போவதில்லை. அங்கே போனவருக்குக் கூடுதல் பெற்றோல் காசு கொடுக்காவிட்டால் இது மாறாது.

கேள்விகள் 12க்கு மேல் வேண்டாம். "என்ன வருத்தம்" என்பதை விட "எந்தக் கிணற்றுத் தண்ணி குடிக்கிறீங்கள்", "நோவுக்கு என்ன குளிசை, கிழமைக்கு எத்தனை", "நுண்கடன் கட்டுறது என்ன நாள்" என்பவை அதிகம் சொல்லும். கடன் கட்டும் நாளில் வைத்த கிளினிக்குக்குப் பெண்கள் வரமாட்டார்கள். ஒரு கேள்வியை மட்டும் வீட்டு வாசலில் கேட்கக்கூடாது: உடம்பில் போர்க்கால ஷெல் (எறிகணை) துண்டு இருக்கிறதா என்பது. அயலவர் முன்னால் அதைச் சொல்லச் சிலர் பயப்படுவார்கள். வைத்தியரின் அறைக்குள் கட்டாயம் கேட்கவேண்டும். உலோகத் துண்டு இருப்பவரை எக்ஸ்ரே பார்க்காமல் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புவது ஆபத்து.

இந்தப் பக்கத்தில் எந்தத் தேவைப் பட்டியலிலும் சிறுநீரக வருத்தம் மேலே வரும். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, காரணம் தெளிவாகாத அந்த நோய் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கமும் உண்டு. ஒரு நாள் மருத்துவ முகாம் போட்டு இரத்தம் எடுப்பது சுலபம், படமும் நன்றாக வரும். ஆனால் சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 60 மில்லிலீற்றருக்குக் கீழே, அல்லது சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், 3 மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாட்பட்ட நோய் என்று சொல்லலாம். அரிவு வெட்டு முடித்து, வெயிலில் உடம்புநீர் வற்றி மத்தியானம் வந்தவரின் இரத்தத்தில், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேற்றினின் தானாகவே ஏறியிருக்கும். காலை 8 மணிக்கு முன் எடுப்பதே நல்லது. எடுத்த இரத்தத்தை 2 மணித்தியாலத்துக்குள் சுழற்றிப் பிரிக்கவேண்டும்; ஒட்டுசுட்டான் வீதியில் குலுங்கி வந்த குழாய் கெட்டுப்போயிருந்தால் ஆய்வுகூடத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டாவது பரிசோதனைக்கு வைத்தியசாலையிடம் காசும் ஆளும் இல்லையென்றால் முதலாவதைச் செய்யாமல் இருப்பதே நேர்மை.

தண்ணீரிலும் ஒரு குழப்பம். உலக சுகாதார நிறுவனத்தின் புளோரைட் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், இலங்கைத் தரம் 1.0. 1.3 காட்டும் கிணற்றுக்கு எந்தப் பதிலைச் சொல்வது என்று முன்கூட்டியே தீர்மானிக்கவேண்டும். நாங்கள் 1.0ஐத்தான் சொல்வோம். கொதிக்கவைத்தால் கிருமி போகும், புளோரைட் போகாது. நீர் வற்ற இன்னும் செறியும். இதைச் சனத்துக்கு விளங்கப்படுத்தாமல் "கொதித்தாறிய நீர் குடியுங்கள்" என்ற பதாதையை எல்லா ஊரிலும் கட்டுவது பாதி வேலைதான்.

காலபோக (மாரிகால நெல்) விதைப்போடு எலிக்காய்ச்சல் வரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதைத் தடுக்கக் கிழமைக்கு 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் குளிசை கொடுப்பார். வெறுவயிற்றில் போட்டவர் சத்தி எடுத்து, மிச்சத்தை வரம்பிலேயே எறிந்துவிடுவார். சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லிக் கொடுப்பதும், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்காமல் பார்ப்பதும் வைத்தியசாலைத் தாதி கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்குப் போய்ச் செய்யக்கூடியவை.

எதை முதலில் செய்வது என்று ஊரே சொல்லட்டும். பொதுநோக்கு மண்டபத்தில் ஆளுக்கு 5 புளியங்கொட்டை கொடுத்து, தேவைகளைக் காட்டும் படங்களின் மேல் வைக்கச் சொல்லலாம். ஆண்களும் பெண்களும் வேறு வேறு நாளில். ஒன்றாக வைத்தால் சங்கத் தலைவர் வைத்த இடத்திலேயே எல்லாக் கொட்டையும் விழும். தனியே கேட்டால் பெண்கள் பக்கம் வருத்தத்தின் பெயரே வராமல் பஸ் நேரம் மேலே வரலாம். அதைச் சுகாதாரத் தேவை அல்ல என்று ஒதுக்கக்கூடாது. திரும்பிப் போகும் கடைசி பஸ்ஸுக்கு முன் மருந்து கிடைக்காத கிளினிக்குக்கு அடுத்த மாதம் வரமாட்டார்கள்.

முடிவுகளை ஒரு தாளில், செய்ய முடியாதவற்றையும் சேர்த்து, கூட்டுறவுக் கடைச் சுவரில் ஒட்டவேண்டும். ஆண்டு முடிவில் எத்தனை முகாம் போட்டோம் என்ற எண்ணைக் கொடையாளர் கேட்பார்கள், கொடுக்கலாம். வைத்தியசாலை தனக்காக எடுத்துவைக்க வேண்டியது வேறொன்று: முதல் இரத்தப் பரிசோதனையில் தவறு கண்டவர்களில், மூன்றாம் மாதம் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர், வராதவர்கள் எந்தக் கிராம அலுவலர் பிரிவு.