எத்தன வாட்னு மட்டும் பாத்து ஸ்டாண்ட் மிக்ஸர் வாங்காதீங்க

ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஆடி நோம்பிக்கு 80 பன்னு ஆர்டர் வந்துச்சுங்க. கோபிக்குப் பக்கத்துல கிராமம் எங்களுக்கு, வீட்டுல இருந்தே பன்னு, பிரெட்டு, பொறந்தநாள் கேக்குன்னு செஞ்சு குடுக்கறேன், அதுவரைக்கும் எல்லாம் கையிலதான். அன்னிக்கு மூணு கிலோ மைதாவ வெடியால உக்காந்து பெசஞ்சு முடிச்சேன், பொழுதோட பாத்தா வலது மணிக்கட்டு வீங்கிருச்சு, ராத்திரி சோத்தப் பெசஞ்சு திங்க முடியல. டாக்டர் இந்த வேலையக் கொறைச்சுக்கங்கன்னுட்டார். அதெப்படிங்க கொறைக்கறது, அந்தக் காசுலதான் பையனுக்கு ஸ்கூல் வேன் பீஸ் கட்டறேன். சரி மாவு பெசையற மெஷின் ஒண்ணு, ஸ்டாண்ட் மிக்ஸர், வாங்கிரலாம்னு வீட்டுக்காரர் சொன்னாரு.

அத்தை சொன்னாங்க, "ஏன் அம்மணி, நம்ம கிரைண்டருக்கே மாவு பெசையற அட்டாச்மெண்ட் குடுத்திருக்கறாங்கல்ல, அதுல போட்டுப் பாரு"ன்னு. கோயமுத்தூர் கிரைண்டருங்க, புவிசார் குறியீடு வாங்கினது, அத நான் கொறை சொல்லவே மாட்டேன், சப்பாத்தி மாவு அதுல அருமையா வருது. ஆனா பன்னு மாவு வேற, ஒரு கிலோ மைதாவுக்கு 650 மில்லி வரைக்கும் தண்ணி போகும், நெம்ப எளக்கமா இருக்கும், அது டிரம்மோட ஒட்டிக்கிட்டு கூடவே சுத்துச்சே ஒழிய இழுபடவே இல்ல. பன்னுக்கு மாவு இழுபடணும், மடங்கணும், மறுபடி இழுபடணும், அப்பத்தான் குளூட்டன்கற மைதாப் புரதம் வலையாட்டம் பின்னி ஈஸ்ட் விடற காத்த உள்ளயே புடிச்சு வெக்கும். ஸ்டாண்ட் மிக்ஸர்ல பாத்திரம் அசையாம நிக்கும், மாவு பெசையற கொக்கி, அந்த ஹூக்கு, தன்னத்தானே சுத்திக்கிட்டே பாத்திரத்தையும் சுத்தி வரும், பூமி சூரியனச் சுத்தற மாதிரி, அதனாலதான் பிளானட்டரி மிக்ஸர்னு பேரு.

ஆன்லைன்ல தேடினா 1000 வாட், 1200 வாட், 1500 வாட்னு வரிசையா வருது. வாட்டு ஜாஸ்தின்னா பலமும் ஜாஸ்தின்னு நெனச்சு 1200 வாட், 5 லிட்டர் பாத்திரம், 7,000 ரூபாய்ச் சொச்சத்துக்கு ஒண்ணு வாங்கினோம். கேக்குக்கு நல்லாத்தான் ஓடுச்சு, ஆறு மாசம் ஒரு தொந்தரவும் இல்ல. பொறகு ஒரு நாள் பன்னுக்கு ஒரு கிலோ மைதா போட்டு ஓட்டறேன், ஏழாவது நிமிஷமோ எட்டாவது நிமிஷமோ கடகடன்னு ஒரு சத்தம், ரப்பர் கருகற வாசம், உள்ள மோட்டார் ஓடற சத்தம் கேக்குது ஆனா ஹூக்கு அப்படியே நிக்குது. மாவு பாதிதான் பெசஞ்சிருக்கு, ஆர்டர் சாயங்காலம் குடுக்கணும். அன்னிக்கு மீதிய அத்தை பெசஞ்சு குடுத்தாங்க, அறுபத்தி ரெண்டு வயசுல, நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன், அத இன்னும் மறக்க முடியலைங்க.

சர்வீஸ் சென்டர்ல குடுத்தோம், மோட்டாரும் கியரும் இருக்கற மேல் பாகம், அந்தத் தலை முழுசும் மாத்தணும், பார்ட்ஸ் வர ஒன்றரை மாசம்னாங்க. ஒன்றரை மாசம் கழிச்சுக் கேட்டா அந்த மாடலே இப்ப வர்றதில்லன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. அப்பறம் கோயமுத்தூர் போயிருந்தப்ப காந்திபுரம் பக்கத்துல கிரைண்டர் மிக்ஸிக்கெல்லாம் மோட்டார் காயில் கட்டற ஒரு சின்னக் கடையில குடுத்தோம். வயசான மெக்கானிக்குங்க, என் முன்னாடியே கழட்டினாரு. தலைக்குள்ள கிரீஸ் கருத்துப் போயிருக்கு, அதுக்குள்ள வெரல விட்டு ஒரு வெள்ளை நைலான் கியர எடுத்து வேட்டியில தொடச்சு என் கையில வெச்சாரு. ஒரு பக்கம் பல்லெல்லாம் கூர்மையா புதுசாட்டம் இருக்கு, இன்னொரு பக்கம் ஏழெட்டுப் பல்லு மொட்டையா, மெழுகு உருகின மாதிரி வழிஞ்சு கெடக்குது.

"மோட்டார் நல்லாத்தான் இருக்குது அம்மணி, பல்லுதான் போச்சு. எத்தன மாவு போட்டீங்க?"

"ஒரு கிலோங்க, பொட்டியிலயே ஒரு கிலோன்னுதான் போட்டிருந்துச்சு."

"பாத்திரத்துல புடிக்கறது வேற, கியர் தாங்கறது வேறங்க. வாட்டுங்கறது மெஷின் கரண்ட எவ்வளவு குடிக்குதுங்கற கணக்கு, ஹூக்குக்கு எவ்வளவு போய்ச் சேருதுங்கற கணக்கு இல்ல."

நான் பித்தளையில ஒரு கியர் கடஞ்சு போட்டுருங்கன்னு சொன்னேன், கோயமுத்தூர்ல அதெல்லாம் பெரிய காரியமா. அவரு வேண்டாம்னுட்டார். லோடு தாங்காதப்ப மொதல்ல இது போகணும்னுதான் மிருதுவான பொருள்ல வெக்கறது, இத கெட்டியாக்கிட்டா அடுத்தவாட்டி மோட்டாரே எரியும், நைலான்லயே வெட்டித் தர்றேன், நீங்க கேக்குக்கும் கிரீமுக்கும் மட்டும் வெச்சுக்கங்கன்னாரு. அந்த அஞ்சு நிமிஷப் பேச்சுல வெளங்கினது எனக்கு அதுக்கு முன்னால பாத்த எந்த வீடியோவுலயும் வெளங்கல. பொறகு தேடிப் பாத்தா, உலகம் பூரா பேர் வாங்கின கிச்சன்எய்ட் ஆர்டிசன் 4.8 லிட்டர் மெஷின்லயே 300 வாட்னுதான் போட்டிருக்கு! மோட்டார்ல இருந்து கியர் வழியா நேரா ஹூக்குக்குப் போகுது, அதனால கொறஞ்ச வாட்லயே வேலை நடக்குது.

ரெண்டாவது மெஷினுக்கு அவசரப்படல. சின்னம்மா பையன் அமெரிக்காவுல டல்லாஸ்ல இருக்கறான், அங்க ஆபர்ல வாங்கிட்டு வர்றேங்க்கான்னு ஆசையா சொன்னான். ஆனா அது 120 வோல்ட் மெஷின், நம்முளுது 230, எப்பவும் ஒரு டிரான்ஸ்பார்மரோட கட்டி அழணும், வாரண்டியும் இங்க செல்லாது, எடை வேற 11, 12 கிலோ, 23 கிலோ பொட்டியில பாதி அதுக்கே போயிரும். வேண்டாங்கண்ணு, நீ வந்தா போதும்னுட்டேன்.

கடைக்கு நேராப் போயி கேட்டதெல்லாம் இவ்வளவுதாங்க: உள்ள கியர் என்ன பொருள், ஒரு தடவைக்கு எத்தன கிராம் மாவு, பார்ட்ஸ் கோயமுத்தூர்லயே கெடைக்குமா. மாவு அளவ கேக்கறப்ப மொத்த மாவா வெறும் மைதாவான்னு தெளிவாக் கேளுங்க, 1 கிலோன்னு போட்டிருந்தா சில பேரு தண்ணி சேத்த எடையச் சொல்றாங்க. தலையத் தட்டிப் பாத்தேன், உலோக வார்ப்பா பிளாஸ்டிக்கான்னு சத்தத்துலயே தெரியும். ஹூக்கு C மாதிரி வளஞ்சிருந்தா மாவு அது மேலயே ஏறிக்கும், சுருள் மாதிரி இருந்தா மாவ கீழ அமுக்கும், எனக்கு சுருள்தான் வேணும்னு நின்னேன். அப்பறம் கேக் மாவு கலக்கற பீட்டர் அலுமினியத்துல வேண்டாம், சோப்புப் போட்டு ஊற வெச்சா கருத்துப் போயி மாவுல ஒட்டும், ஸ்டீல் இருந்தா எடுங்க. 32,000 ஆச்சு, தீபாவளிச் சீட்டுக் காசு, நகைக்குன்னு வெச்சிருந்தது. பிராண்டு பேரு கேக்காதீங்க, மாடல் வருஷா வருஷம் மாறுது, மேல சொன்னதக் கேட்டு வாங்கினா எந்தப் பேரா இருந்தாலும் சரி.

வந்ததும் மொதல் வேலையா ஒரு ரூபாக் காச பாத்திரத்துல போட்டு தட்டையான பீட்டர மாட்டி கொறஞ்ச வேகத்துல சுத்த விட்டேன். பீட்டர் ஒவ்வொரு சுத்துக்கும் காச லேசா நகத்தணும், தொடவே இல்லன்னா அடியில வெண்ணெயும் மாவும் கலக்காம நிக்கும், பாத்திரத்துல இடிச்சா, பூச்சு போட்ட பீட்டர்னா அது உரிஞ்சு மாவுல விழும். என்னுது காசத் தொடவே இல்ல. தலையத் தூக்கினா கழுத்துல ஒரு ஸ்க்ரூ இருக்கு, அத துளித்துளியாத் திருப்பித் திருப்பி நாலாவது தடவையில காசு நகந்துச்சு. புது மெஷின்ல அடி கலக்கலன்னு பொலம்பறவங்க மொதல்ல இதப் பண்ணிப் பாருங்க.

பன்னு மாவுக்கு இப்ப ஒரு தடவைக்கு 600 கிராம் மைதாதான், அதுக்கு மேல போடறதில்ல. மாவும் தண்ணியும் மட்டும் ஒரு நிமிஷம் கலந்துட்டு 20 நிமிஷம் மூடி வெச்சிருவேன், குளூட்டன் பாதி தானாவே கூடிக்கும், மெஷினுக்கு வேலை கொறையும். அப்பறம் ஈஸ்ட், உப்பு, கடைசியா வெண்ணெய், ரெண்டாம் நம்பர் வேகத்துல எட்டு நிமிஷம், நடுவுல ஒருக்கா நிறுத்தி வழிச்சு விடுவேன். ஒரு துண்டு எடுத்து வெரலால இழுத்துப் பாத்தா கிழியாம வெளிச்சம் தெரியற அளவுக்கு ஜவ்வாட்டம் வரணும், வந்துட்டா போதும்.

சித்திரை வெயில்ல மட்டும் ஒரு பாடு பட்டேன். சமையக்கட்டே 36 டிகிரி, மெஷின் பெசையறப்ப உரசல்லயும் சூடேறும், மாவு பிசுபிசுன்னு கையில ஒட்டி அரை மணி நேரத்துல பொங்கி புளிப்பு வாசம் வந்துருச்சு, அன்னிக்கு ரெண்டு தடவ மாவு வீணாச்சு. இப்ப தண்ணியில கால் பங்கு ஐஸா நிறுத்துப் போடறேன், மாவு பெசஞ்சு எடுக்கறப்ப 26 டிகிரிக்குள்ள இருக்கும். தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிக்கங்க, நெசமாவே பிரயோஜனப்படும்.

கேக்குக்கு வெண்ணெய் சக்கரை அடிக்கறப்பயும் அதே கதைதான், வெண்ணெய் 18, 20 டிகிரியில இருந்தாத்தான் காத்து புடிக்கும், நம்ம ஊர்ல வெளிய வெச்சா எண்ணெயா ஓடிரும். பிரிட்ஜ்ல இருந்து எடுத்து துண்டு துண்டா வெட்டி வெச்சு பத்து நிமிஷம், அவ்வளவுதான். எனக்கு ஊத்துக்குளி வெண்ணெயிலதான் செய்யணும்னு ஆசை, அந்த வாசம் பாக்கெட் வெண்ணெயில வர்றதே இல்லைங்க, ஆனா அதுல தண்ணி கொஞ்சம் ஜாஸ்தி இருக்கும், அதனால கேக்குல பால 2 ஸ்பூன் கொறைச்சுக்குவேன். கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரைய மட்டும் போட்டு அடிச்சா வெள்ளையா உப்பி வராது, பொடியாவும் ஈரமாவும் இருக்கும்ல, வெண்ணெயக் கீறிக் காத்த ஏத்தறதுக்கு வெள்ளைச் சக்கரைப் பரலுதான் வேணும். பாதிப்பாதி போடறேன், நெறமும் வருது கேக்கும் பொங்குது.

இன்னொண்ணு, எங்க பக்கம் தோட்டத்து மோட்டாரெல்லாம் ஓடறப்ப வோல்டேஜ் நெம்ப எறங்கிரும், அப்ப கெட்டி மாவு ஓட்டினா மெஷின் திணறும், சுத்தறது கொறைய கொறைய உள்ள இருக்கற பேனும் மெதுவாயி சூடு ஏறும். அதனால மாவு வேலை எல்லாம் வெடியால அஞ்சு மணிக்கே முடிச்சுருவேன்.

போன ஆடி நோம்பிக்கு 120 பன்னுங்க. ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல கால் மணி நேரம் மெஷின ஆற விட்டு, ஏழரை தடவ ஓட்டி முடிச்சேன், அத்தை உருட்டி வெச்சாங்க. பழைய மெஷின் இப்ப தங்கச்சிகிட்ட பெருந்துறையில இருக்குது, கிரீம் மட்டும் அடிக்கறா, அந்த நைலான் பல்லு இன்னும் அப்படியே இருக்குதாம்.