தராசுக்கு முன் தரை: ரேஸ் காரின் மூலை எடை

நொண்டுகிற கட்டிலின் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தால், அந்தக் கால் மட்டும் பாரத்தை வாங்கிக்கொள்வதில்லை. குறுக்கே எதிர்மூலையில் இருக்கும் காலும் சேர்ந்து வாங்கும். மற்ற இரண்டு கால்களில் பாரம் குறையும். ரேஸ் காரின் மூலை எடையை, அதாவது ஒவ்வொரு சக்கரமும் தாங்கும் பாரத்தை, சரி செய்வது முழுக்க இந்தக் கட்டில் கணக்குதான். அட்டைக்குப் பதில், ஸ்பிரிங் உட்காரும் வளையத்தைத் திருகி ஏற்றி இறக்கும் மரை, அவ்வளவே வித்தியாசம்.

முன்சக்கர இழுவையுள்ள ஒரு ஹாட்ச்பேக்கை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநரோடு மொத்தம் 980 கிலோ. முன் இடது 308, முன் வலது 296, பின் இடது 178, பின் வலது 198. முன் வலதையும் பின் இடதையும் கூட்டினால் 474, மொத்தத்தில் 48.4%. இதுதான் குறுக்கு எடை. இருங்காட்டுக்கோட்டை போல இரண்டு பக்கமும் வளைவுகள் உள்ள தடத்துக்கு இது 50 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். இப்படியே விட்டால் இடது வளைவில் பின்பக்கம் நழுவும், வலது வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளும், நேராகப் பிரேக் பிடிக்கும்போது முன் வலது டயர் முதலில் பூட்டிக்கொள்ளும். “ஒரு பக்கம் நன்றாகத் திரும்புகிறது, இன்னொரு பக்கம் வேறு கார் மாதிரி இருக்கிறது” என்று ஓட்டுநர் சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஒரே பக்கம் வளையும் அமெரிக்க ஓவல் தடங்களில் இதே எண்ணை வேண்டுமென்றே ஏற்றியோ இறக்கியோ வைப்பார்கள். அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது.

மரையைத் திருப்பி மாற்ற முடிவது குறுக்கு எடையை மட்டும்தான். இந்தக் காரின் முன்பக்கம் 604 கிலோ, வலது பக்கம் 494 கிலோ. எத்தனை சுற்று திருப்பினாலும் இந்த இரண்டும் நகராது. அவற்றை மாற்ற பேட்டரியை இடம் மாற்ற வேண்டும், ஓட்டுநர் இருக்கையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், அல்லது எடைக்கட்டி போட வேண்டும். இது புரியாமல் நான்கு சக்கரத்திலும் ஒரே எடை வரவைக்க அரை நாள் மரை திருப்புகிறவர்கள் உண்டு.

தராசு வாங்குவதைப் பற்றி. இந்த வேலைக்கென்றே செய்த செட்டுகளில் அமெரிக்காவின் லாங்ஏக்கர், இன்டர்காம்ப் இரண்டும் பரவலாகத் தெரிந்த பெயர்கள். சக்கரத்துக்கு ஒன்றாகக் கீழே வைக்கும் நான்கு எடைத்தட்டுகள் (பேட்), ஒரு டிஸ்பிளே. பேட் ஏறக்குறைய 38 செ.மீ. சதுரம், தாங்கும் எடை ஒவ்வொன்றும் 680 கிலோ அளவில். விளம்பரத்தில் துல்லியம் 0.1% என்று இருந்தால், அது காட்டும் எடையில் 0.1 சதவீதமா, முழுக் கொள்ளளவில் 0.1 சதவீதமா என்று கேளுங்கள். 200 கிலோ நிற்கும் பின்சக்கரத்தில் முன்னது 200 கிராம் பிழை, பின்னது 680 கிராம். வயர் உள்ளதா, வயர்லெஸ்ஸா என்பது வசதியைப் பொறுத்தது. வயர் செட்டில் பெரும்பாலும் முதலில் சாவது கேபிள் முனைதான். யாராவது ஒருநாள் டயரை அதன் மேல் ஏற்றிவிடுவார்கள். வயர்லெஸ்ஸில் நான்கு பேட்டரிகளையும் சார்ஜில் வைத்திருக்கும் ஒழுங்கு வேண்டும். நம் ஊரில் வாங்குகிறவர் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: உள்ளே எடையை உணரும் லோட்செல் சந்தையில் கிடைக்கும் பொதுவான வகையா? அப்படியென்றால் ஒன்று போனாலும் எலக்ட்ரானிக் தராசு பழுது பார்க்கும் கடையிலேயே மாற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் பேட் கடல் தாண்டிப் போய்வர வேண்டும்.

நான்கு தனித்தனி பிளாட்ஃபார்ம் தராசை வைத்தும் வேலை நடக்கும். காட்டும் எடை மோசமாக இருக்காது. அவற்றின் உயரம்தான் தொல்லை. தாழ்ந்த காரை ஏற்ற நீளமான சாய்தளம் வேண்டும், நான்கின் உயரமும் ஒன்றாக இருக்காது.

எதை வாங்கினாலும் முதல் நாள் ஒரு சோதனை. முத்திரை போட்ட 20 கிலோ எடைக்கல்லை ஒவ்வொரு பேடின் நடுவிலும், பிறகு நான்கு ஓரங்களிலும் வைத்துப் பாருங்கள். டயர் எப்போதும் நட்டநடுவில் நிற்காது. ஓரத்தில் வேறு எடை காட்டும் பேட் உதவாது. அடுத்து, காரின் ஒரே சக்கரத்துக்குக் கீழே நான்கு பேடையும் மாற்றி மாற்றி வையுங்கள். நான்கும் அரை கிலோவுக்குள் ஒன்றாகச் சொன்னால் போதும். 980 கிலோ என்பது உண்மையில் 983 ஆக இருந்தாலும் செட்டப் கெடாது. பேடுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் கெடும்.

இனி தரை. பலரும் பணத்தைத் தராசில் போட்டுவிட்டு இதைக் கோட்டைவிடுகிறார்கள். பட்டறைத் தரையில் தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருப்பார்கள். நான்கு பேடும் ஒரே சரிவில், ஒரே தளத்தில் இருந்தால் பெரிய கேடில்லை. மீட்டருக்கு 1 செ.மீ. பக்கவாட்டுச் சரிவு, மேலே சொன்ன காரில் ஏறக்குறைய மூன்றரை கிலோவை ஒரு பக்கம் தள்ளும்; குறுக்கு எடையை அதிகம் தொடாது. ஆனால் மூன்று பேட் ஒரு தளத்திலும் நான்காவது 3 மி.மீ. மேலேயும் இருந்தால் அதுவே கட்டிலுக்கு வைத்த அட்டை. முன்னே 8, பின்னே 6 கிலோ/மி.மீ. ஸ்பிரிங் போட்ட காரில் அந்த 3 மி.மீ. ஒவ்வொரு சக்கரத்திலும் கிட்டத்தட்ட 4 கிலோ மாற்றிவிடும்; குறுக்கு எடையில் 8 கிலோ. மேலே சொன்ன காரில் 50 சதவீதத்தை எட்ட 16 கிலோதான் குறைவு. அதில் பாதியைத் தரையே கொண்டுவந்துவிடும். ஸ்பிரிங் இன்னும் விறைப்பான ஃபார்முலா காரில் இது இரட்டிப்பாகவும் ஆகலாம்.

மட்டம் பார்க்க லேசர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலே, அதாவது தண்ணீர் நிரப்பிய குழாயே, போதும். குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் 1 மி.மீ. வரை நம்பலாம். வெறும் ரசமட்டத்தை நீளமான கம்பியில் வைத்துப் பார்ப்பது சரிவராது, கம்பியே நடுவில் தொய்யும். உயரமான பேடை அடையாளம் கண்டு, மற்ற மூன்றின் கீழும் அலுமினியத் தகடோ வினைல் டைலோ வைத்து 1 மி.மீ.க்குள் கொண்டுவாருங்கள். பிறகு பேட் இருக்கும் இடத்தைத் தரையில் பெயின்டால் வரைந்து, எந்த இடத்துக்கு எத்தனை தகடு என்று அங்கேயே எழுதிவிடுங்கள். இந்த ஒரு நாள் வேலையை அடுத்த கார் வரும்போது மறுபடி செய்ய வேண்டியதில்லை.

காரை ஏற்றும் முன் உயரம், கேம்பர் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்), காஸ்டர் (ஸ்டியரிங் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) எல்லாம் முடிந்திருக்க வேண்டும். டயர் காற்று போட்டி அளவில். பெட்ரோல் எத்தனை லிட்டர் என்று குறிப்பு. 20 லிட்டர் என்பது சுமார் 15 கிலோ. ஷாக் அப்சார்பர் முழுக்க மென்மையில். ஹேண்ட்பிரேக் விட்டு, கியர் நியூட்ரலில். ஸ்டியரிங் நேராக, காஸ்டர் உள்ள காரில் கொஞ்சம் திருப்பினாலே குறுக்கு எடை நகரும். ஆன்டி ரோல் பாரின் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்க இடது, வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி) லிங்க்கை, முன்னும் பின்னும், ஒரு பக்கமாவது கழற்றிவிட வேண்டும். இருக்கையில் ஓட்டுநரே ஹெல்மெட்டோடு உட்காருவது நல்லது. மணல் மூட்டைக்குக் கால்களை முன்னே நீட்டி உட்காரத் தெரியாது.

பேடைப் போட்டதும் கால் மணி நேரம் ஆன் செய்து வைத்துவிட்டு, அதன் பிறகு ஜீரோ போடுங்கள். கோவை செட்டிபாளையம் ரேஸ் தடத்தில் நண்பகலில் இரண்டு பேட் வெயிலிலும் இரண்டு நிழலிலும் இருந்தால் ஜீரோ நிற்காமல் நகரும்.

ஜாக்கியில் இருந்து காரை இறக்கும்போது சக்கரங்கள் உள்ளே இழுத்துக்கொண்டு தொங்கும். பேடில் பட்டதும் வெளியே விரியப் பார்க்கும், டயர் பிடித்துக்கொண்டு விடாது. சஸ்பென்ஷன் மேலேயே சிக்கி, பொய் எடை வரும். பேடின் உயரத்துக்கு மர மேடை செய்து, காரை ஒரு மீட்டர் உருட்டி ஏற்றினால் இந்தச் சிக்கல் இல்லை. மேடை இல்லாதவர்கள் ஒவ்வொரு டயருக்கும் கீழே இரண்டு வினைல் டைல்களை, நடுவில் கிரீஸ் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கலாம். எப்படியானாலும் ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் அழுத்தி ஆட்டிவிட்டுப் படியுங்கள். மூன்று முறை ஆட்டி மூன்று எடை வந்தால், மரையைத் தொடாமல் எங்கே சிக்குகிறது என்று தேடுங்கள்.

நம் காரில் முன் வலதும் பின் இடதும் 8 கிலோ ஏற வேண்டும், மற்ற இரண்டும் 8 கிலோ இறங்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. நகரும் மரையில் ஒரு சுற்று ஒவ்வொரு சக்கரத்திலும் சுமார் 2.5 கிலோ மாற்றும். அப்படியென்றால் மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் மேலே. அதை ஒரே மூலையில் போட்டால் காரின் உயரம் கெடும். நான்காகப் பிரித்து, இந்த இரண்டு மூலையில் முக்கால் சுற்று ஏற்றி, அந்த இரண்டில் முக்கால் சுற்று இறக்குங்கள். முதலில் சொன்ன வரிசையில் 300, 304, 186, 190 என்ற எண்களுக்கு அருகில் வந்து நிற்கும். 49.8 வந்ததும் நிறுத்தலாம். அதற்கு மேல் துரத்துவது ஓட்டுநர் மூச்சுவிடுவதை அளப்பது மாதிரி.

பிறகு லிங்க்கை மாட்டுவது. ஓட்டுநர் உள்ளே இருக்கும்போதே, போல்ட் கையால் தள்ளினாலே துளைக்குள் போகிற அளவுக்கு லிங்க்கின் நீளத்தைச் சரி செய்யுங்கள். ஸ்பேனரால் நெம்பி மாட்டினால் பார் முறுக்கிக்கொள்ளும். செய்த வேலை அத்தனையும் போகும். மாட்டியபின் டிஸ்பிளேயில் எண்கள் அசையாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். உயரம் கொஞ்சமாவது மாறியிருக்கும் என்பதால் டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மறுபடி அளக்க வேண்டும்.

எல்லா எண்களையும் பெட்ரோல், காற்று, ஓட்டுநர் எடையோடு ஒரு தாளில் எழுதி வைப்பது அடுத்த வாரத்துக்காக. போட்டி முடிந்து, எதையும் தொடாத காரை அதே இடத்தில் நிறுத்தும்போது குறுக்கு எடை ஒரு சதவீதம் நகர்ந்திருந்தால், புது ஸ்பிரிங் என்றால் அது படிந்திருக்கலாம். பழைய ஸ்பிரிங் என்றால் தட ஓரத்துக் கெர்ப் மேல் ஏறிய பக்கத்து விஷ்போனையும் (சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கை) ஷாக் ராடையும் கழற்றிப் பாருங்கள்.