லோ சுகர் வந்தால் எதை எடுப்பது, எவ்வளவு எடுப்பது

காலையில் சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்க இறங்கியவருக்குப் பதினொன்றரை மணி வாக்கில் கை உதறுகிறது. சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை, படபடப்பு, பேச்சில் குழறல். சுற்றி நிற்பவர்கள் நல்ல மனதோடு ஆளுக்கொன்று நீட்டுவார்கள். ஒருவர் சாக்லேட், ஒருவர் இளநீர், ஒருவர் பட்டர் பன், ஒருவர் சூடாக டீ. நாலும் இனிப்புதான். ஆனால் அடுத்த கால் மணி நேரத்துக்குள் தேவையான சர்க்கரையை ரத்தத்தில் சேர்த்துவிடும் என்று நம்பி எடுக்கக்கூடியது அதில் ஒன்றுகூட இல்லை.

முதலில் கணக்கு. சுகர் மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் அது லோ சுகர். உடனே சரிசெய்ய வேண்டும். 54-க்குக் கீழே போனால் மூளைக்கே சர்க்கரை பற்றாமல் போகிற கட்டம். குழப்பம், எரிச்சல், சம்பந்தமில்லாத பேச்சு எல்லாம் அப்போதுதான் தலைகாட்டும். சாலையில் பார்ப்பவர்கள் குடித்திருக்கிறார் என்று ஒதுங்கிப் போவதும் இதனால்தான். கையில் மீட்டர் இல்லையென்றால் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். அறிகுறி இருந்தால் முதலில் குளுக்கோஸ், பிறகு சோதனை. மீட்டர் இருந்தால் விரலைத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் ஒட்டியிருக்கும் சாறு, 60 இருக்க வேண்டிய இடத்தில் 130 என்று காட்டிவிடும்.

பல மாதமாக 300-லேயே இருந்து பழகியவருக்கு 110-க்கு இறங்கினால்கூட இதே நடுக்கம் வரும். மீட்டர் 70-க்கு மேல் காட்டினால் அவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், நேரத்துக்குச் சாப்பாடு போதும்.

பெரியவர்களுக்குத் தேவையான அளவு 15 கிராம். 54-க்குக் கீழே இருந்தால் 20 கிராம் வரை போகலாம். எடுக்க வேண்டியது குளுக்கோஸ். காரணம் எளிமையானது: குளுக்கோஸ் உடைபட வேண்டிய அவசியமில்லை, குடலை எட்டியதும் அப்படியே ரத்தத்துக்குள் போகும். வீட்டுச் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், மறுபாதி ஃபிரக்டோஸ். குடலில் அது இரண்டாகப் பிரிந்த பிறகுதான் வேலை தொடங்கும், ஃபிரக்டோஸ் பாதி கல்லீரல் வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். அவசரத்துக்குச் சர்க்கரையும் உதவும், மறுக்கவில்லை. கையில் இரண்டும் இருந்தால் குளுக்கோஸைத்தான் எடுக்க வேண்டும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடரில் சாதா ரகத்தை வாங்குங்கள். ஆரஞ்சு, மாம்பழ வாசனை ரகங்களில் சாதாரண சர்க்கரை கலந்திருக்கலாம், டப்பாவின் பின்பக்கம் படித்தால் தெரியும். 15 கிராம் என்பது எத்தனை ஸ்பூன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், ஏனென்றால் ஸ்பூன் வீட்டுக்கு வீடு வேறு. ஒரு தடவை மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசில் 15 கிராம் நிறுத்துப் பாருங்கள். அதை உங்கள் வீட்டு ஸ்பூனால் அள்ளி எண்ணிக்கொள்ளுங்கள். அதைவிட நல்ல வழி, பத்துப் பொட்டலமாக 15 கிராம் வீதம் சின்ன ஜிப் கவரில் கட்டிவைப்பது. சட்டைப் பையில் ஒன்று, கைப்பையில் இரண்டு, வண்டி சீட்டுக்கு அடியில் ஒன்று, படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரோடு ஒன்று. காசிமேடு, திருவொற்றியூர் பக்கக் காற்றின் ஈரத்தில் பவுடர் கட்டிதட்டும். கட்டிதட்டினாலும் அது குளுக்கோஸ்தான், நொறுக்கிக் கரைக்கலாம். மீட்டர் ஸ்ட்ரிப்புக்கு அந்தச் சலுகை இல்லை. டப்பா மூடி திறந்தே கிடந்தால் ஸ்ட்ரிப் கெட்டு, தப்பான எண் காட்டும்.

கரைக்க அரை கிளாஸ் தண்ணீர் போதும். நாக்குக்கு அடியில் வைத்துச் சப்பிக்கொண்டிருப்பதில் லாபமில்லை. சர்க்கரை ஏறுவது பெரும்பாலும் குடலிலிருந்துதான், அதனால் விழுங்க வேண்டும்.

இனி தெருவில் கிடைப்பவை. பொட்டலத்தை வீட்டில் மறந்துவிட்டு வந்தவருக்கு டீக்கடைதான் கதி. அங்கே டீ கேட்காதீர்கள். சின்ன கிளாஸ் டீயில் சர்க்கரை 8, 10 கிராம்தான் இருக்கும், பாலின் கொழுப்பு அதையும் மெதுவாக்கும், சூட்டில் ஊதி ஊதிக் குடிப்பதற்குள் நேரம் ஓடிவிடும். கேட்க வேண்டியது இப்படி: "மாஸ்டர், டீ வேணாம். அரை கிளாஸ் தண்ணில நாலு ஸ்பூன் சக்கர போட்டுக் கலக்கிக் குடுங்க. சுகர் லோவாயிடுச்சு." தலைதட்டிய டீஸ்பூன் ஒன்று 4 கிராம், நாலு போட்டால் 16. எந்த மாஸ்டரும் இதற்கு மறுத்துப் பேச மாட்டார்.

பெட்டிக்கடையில் சர்க்கரை போட்ட குளிர்பானம் இருந்தால் லேபிளில் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று பாருங்கள். 10 என்றிருந்தால் 150 மில்லி குடிக்க வேண்டும். இப்போது பல பானங்களில் சர்க்கரையைக் குறைத்துவிட்டார்கள், அதனால் பழைய ஞாபகத்தில் ரெண்டு மடக்கு குடித்துவிட்டு நிற்கக் கூடாது. டயட், ஜீரோ என்று போட்டது எதுவும் இதற்கு உதவாது, சுகர்ஃப்ரீ மாத்திரையும் அப்படியே. சாதா கோலி சோடாவில் சர்க்கரையே கிடையாது. உப்புப் போட்ட லெமன் சோடாவும், மோரும் வெயிலுக்கு நல்லது, லோ சுகருக்கு அல்ல. கரும்புச் சாறு வேலை செய்யும், ஆனால் 120 மில்லி போதும். பெரிய கிளாஸ் முழுக்க இறக்கினால் 40 கிராம் வரை உள்ளே போய்விடும்.

இளநீரை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு காயில் 10 கிராம் சர்க்கரை தேறுவதே நிச்சயமில்லை. ஓஆர்எஸ் பொட்டலம் இன்னும் மோசமான ஏமாற்றம். ஒரு லிட்டருக்கான உலக சுகாதார நிறுவன அளவிலேயே குளுக்கோஸ் 13.5 கிராம்தான். ஒரு டம்ளர் குடித்தால் மூன்று கிராம்கூடத் தேறாது. வயிற்றுப்போக்குக்கு அது மருந்து, இதற்கு இல்லை.

சாக்லேட், பால்கோவா, லட்டு, ஐஸ்கிரீம், ரோஸ் மில்க், கடலை மிட்டாய் எல்லாவற்றிலும் ஒரே சிக்கல்: கொழுப்பு வயிற்றைக் காலியாக விடாது. சர்க்கரை உள்ளே இருக்கும், ஆனால் தாமதமாக வந்து சேரும். பிஸ்கட்டும் வாழைப்பழமும் கூழும் முதல் மருந்து அல்ல, இரண்டாவது. சாதாரண சர்க்கரை மிட்டாய் மட்டும்தான் கிடைத்தது என்றால், உறையில் போட்டிருக்கும் எடையைப் பார்த்து நாலைந்தைக் கடித்து மென்று தண்ணீர் குடியுங்கள்.

இப்போது இந்தப் பதிவில் நான் முக்கியமாக நினைக்கும் விஷயம். உங்கள் மாத்திரை அட்டையை எடுத்துப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின் இரண்டோடு வாக்லிபோஸ் 0.2 அல்லது 0.3 மில்லிகிராம் என்று மூன்றாவது பெயர் இருக்கிறதா? நம் ஊரில் இந்த மூன்றும் சேர்ந்த மாத்திரை சர்வசாதாரணம். வாக்லிபோஸும் அதன் உறவான அகார்போஸும் செய்வது ஒரே வேலை: மாவுச்சத்தையும் சர்க்கரையையும் குடலில் உடைக்கும் என்சைமைத் தடுப்பது. சாப்பாட்டுக்குப் பின் சுகர் எகிறாமல் இருக்க அது நல்லது. ஆனால் லோவான நேரத்தில் அதே தடுப்பு எதிரியாகிறது. நீங்கள் குடித்த சர்க்கரைத் தண்ணீர் உடைபடாமல் குடலிலேயே கிடக்கும். பிஸ்கட், வெல்லம், கரும்புச் சாறு, குளிர்பானம் எல்லாம் அதே கதி. "நாலு ஸ்பூன் சர்க்கரை குடிச்சும் ஏறவே இல்லைங்க" என்று சொல்பவரின் மாத்திரை அட்டையை முதலில் பார்க்க வேண்டும். இவர்களுக்குச் சாதா குளுக்கோஸ் பவுடர் ஒன்றுதான் சரியான வழி, அதை உடைக்கத் தேவையே இல்லாததால். அதுவும் இல்லையென்றால் ஒரு மேசைக்கரண்டி தேன். அதில் பிரிந்த குளுக்கோஸ் ஓரளவு இருக்கிறது.

மருந்துக் கடையில் ஐந்து மாத்திரை, மூன்று மாத்திரை என்று வெட்டி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. வெட்டுகிற வெட்டில் அட்டையின் பெயர் போய்விடும். முழு அட்டையை ஒருமுறை கேட்டு வாங்கி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குடித்தாயிற்று. இனி 15 நிமிடம் உட்கார வேண்டும். இங்கேதான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. மூன்றாவது நிமிடமும் நடுக்கம் நிற்கவில்லையே என்று பயந்து, பசியும் பிய்த்தெடுப்பதால் ஜிலேபி, பன், இன்னொரு கிளாஸ் ஜூஸ் என்று இறக்கிவிடுவார்கள். இரண்டு மணி நேரம் கழித்து மீட்டர் 320 காட்டும், அதைப் பார்த்து மாத்திரையைக் கூட்டிப் போடுவார்கள், ராத்திரி மறுபடி லோ. 15 நிமிடத்துக்குப் பிறகு மறுபடி குத்திப் பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் இன்னொரு 15 கிராம், இன்னொரு 15 நிமிடம். மேலே வந்துவிட்டால், அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் பட்சத்தில் இரண்டு இட்லி, அல்லது ஒரு டம்ளர் பாலும் மூன்று மேரி பிஸ்கட்டும், அல்லது ஒரு சின்ன டம்ளர் கேழ்வரகுக் கூழ். குளுக்கோஸ் ஏற்றியது சீக்கிரம் இறங்கிவிடும். இந்தச் சாப்பாடுதான் தாங்கிப் பிடிக்கும். வண்டி ஓட்டுபவர் சுகர் ஏறிய பிறகும் முக்கால் மணி நேரம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டுபவருக்கு இதை இரண்டு முறை சொல்லலாம்.

நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம், அது நுரையீரலுக்குள் போகும். பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். குளுக்கோஸை நரம்பில் ஏற்றுவது அவர்கள் வேலை. விழிப்பு இருந்து, மந்தமாக இருந்தாலும் விழுங்க முடிகிறவராக இருந்தால், நிமிர்த்தி உட்காரவைத்து, குளுக்கோஸைக் குழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

லோ சுகர் ஏன் வருகிறது என்பதில் நம் வடசென்னையின் வாழ்க்கையே பாதி. காசிமேட்டில் ஏலத்துக்காக ராத்திரி 2 மணிக்கே எழுந்து போகிறவர், முந்தின ராத்திரி இன்சுலினின் உச்ச நேரத்தில் வெறும் வயிற்றோடு கூடை தூக்குவார். ஹார்பரில் லோடு இறக்குபவருக்குச் சாப்பாட்டு நேரம் லாரி வரும் நேரத்தைப் பொறுத்தது. காலையில் 30/70 கலவை இன்சுலின் போட்டவருக்கு மதியச் சாப்பாடு 3 மணிக்குப் போனால் லோ வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். சாயங்காலம் சரக்கு, கூட வெறும் வறுவல் என்றால், கல்லீரல் ராத்திரி முழுக்கச் சர்க்கரையை விடாது. ஆபத்து அன்றிரவும் மறுநாள் காலையும். ஆடி மாத விரதமோ ரமலான் நோன்போ, 70-க்குக் கீழே வந்தால் உடனே முறித்துவிட வேண்டும். டோஸை மாற்றுவதைப் பற்றி நோன்புக்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டும். சர்க்கரைக்கொல்லி என்கிற சிறுகுறிஞ்சான் பொடியை மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் இரண்டும் சேர்ந்து இறக்கலாம். டாக்டரிடம் சொல்லாமல் அதைத் தொடங்காதீர்கள்.

பிளட் பிரஷருக்கு மெட்டோப்ரோலால், அடெனோலால் மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் மிஞ்சும். கத்திரி வெயிலில் அந்த வியர்வையை யார் கவனிப்பார்கள்? இவர்கள் சந்தேகம் வந்தாலே குத்திப் பார்க்க வேண்டும்.

வயதானவர், கிட்னி பலவீனமானவர், கிளிபென்கிளமைடு அல்லது கிளிமிபிரைடு எடுப்பவர் என்றால் ஒருமுறை ஏறிவிட்டது என்று வீட்டில் படுக்கவைத்துவிடாதீர்கள். இந்த மாத்திரைகள் உடலில் தங்கி, சுகரை மறுபடி மறுபடி இறக்கக்கூடும். ஸ்டான்லியோ பக்கத்து ஆஸ்பத்திரியோ, ஒரு நாள் கண்காணிப்பில் இருப்பது நல்லது. கிட்னிக்காகப் பொட்டாசியம் குறைக்கச் சொல்லியிருப்பவருக்கு ஆரஞ்சு ஜூஸும் இளநீரும் வேண்டாம், குளுக்கோஸ் மட்டும்.

வாரத்தில் இரண்டு முறை லோ வந்தால் தப்பு உங்கள் சாப்பாட்டில் மட்டும் இல்லை, டோஸிலும் இருக்கலாம். நேரம், மீட்டர் எண், கடைசியாகச் சாப்பிட்டது, போட்ட மாத்திரை நான்கையும் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். பாட்டில் இன்சுலின் போடுபவர்கள் கூடவே சிரிஞ்சையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். 40 என்று எழுதிய பாட்டிலுக்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 என்று எழுதிய பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடி. 100 பாட்டில் மருந்தை சிவப்பு மூடியில் இழுத்தால், 10 யூனிட் என்று நினைத்துப் போடுவது 25 யூனிட்டாகப் போகும்.