இரண்டு இ.எஸ்.ஐ. நம்பர், நாலரை மாதக் காத்திருப்பு

என் மகனுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. இன்னமும் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) எண்ணைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. வேலைக்குப் போகும் பெண்கள் யாரும் என்னைப் போல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. சம்பளம் 17,400. 21,000-க்குள் வருவதால் மாதம் 131 ரூபாய் இ.எஸ்.ஐ.க்குப் பிடிப்பார்கள், அதனால் பேறுகால விடுப்பின் 26 வாரச் சம்பளத்தை இ.எஸ்.ஐ.தான் தர வேண்டும். 2024 ஏப்ரலில் பிரசவம் என்று தேதி கொடுத்திருந்தார்கள். எட்டு வாரம் முன்பே, பிப்ரவரியில் விடுப்புக் கேட்டேன்.

"ஆறு மாசம் சீட்டைக் காலியா வைக்க முடியாதும்மா. ரிசைன் பண்ணிடு, அப்புறம் வந்து சேர்ந்துக்கலாம்" என்றார் எச்.ஆர். மேடம். நான் கையெழுத்துப் போடவில்லை. நீங்களும் போடாதீர்கள். இந்த விடுப்பில் இருப்பவரை வேலையிலிருந்து நீக்குவது சட்டப்படி செல்லாது. நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு யாரிடம் போய்க் கேட்பது?

இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் சான்றிதழ் ஒரே நாளில் கிடைத்தது. இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில்தான் மாட்டிக்கொண்டேன். கவுண்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்தார். "உங்களுக்குப் பணம் கட்டினது 53 நாளுக்குத்தாம்மா இருக்கு. 70 நாள் வேணும்" என்று காகிதங்களைத் திருப்பித் தள்ளினார். நாலு வருஷமாகப் பிடித்த பணம் என்ன ஆயிற்று என்று கேட்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். எட்டாவது மாத வயிற்றோடு இரண்டு பஸ் மாறி வீடு வந்தேன்.

இன்னொரு முறை போனபோது வேறொரு அதிகாரி இருந்தார். பொறுமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். என் பெயரில் இரண்டு எண்கள்! 2023 ஆகஸ்ட்டில்தான் கம்பெனி மாறியிருந்தேன். பழைய எண் இருக்கிறது என்று சேரும்போதே சொன்னேன். "புதுசே போட்டுக்கலாம்" என்று பதிந்துவிட்டார்கள். 2022 அக்டோபர் முதல் 2023 செப்டம்பர் வரைதான் என் கணக்கில் பார்ப்பார்களாம். அதில் புது எண்ணில் ஆகஸ்ட், செப்டம்பர் மட்டுமே இருந்தது. மற்றதெல்லாம் பழைய எண்ணில்.

சரி, இரண்டையும் இணைத்தால் போதும் என்று நினைத்தேன். பழையதில் அப்பா பெயர், புதியதில் கணவர் பெயர். இரண்டு எண்ணும் ஒரே ஆளுடையதுதான் என்று கம்பெனி கடிதம் தர வேண்டும். ஒரு பக்கக் கடிதத்துக்கு மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். பழைய கம்பெனியின் சம்பளச் சீட்டு ஒன்றே ஒன்று பீரோவில் புடவை மடிப்பில் கிடந்தது. அது இல்லையென்றால் பழைய எண்ணையே கண்டுபிடித்திருக்க முடியாது. தயவுசெய்து சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். சம்பளம் மட்டும் பார்க்காமல் இ.எஸ்.ஐ. எண் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதற்கிடையில் அரசு மருத்துவமனையில் நல்லபடியாகப் பிரசவம் ஆனது. சிசேரியன். கணவர் லேத் பட்டறையில் தினக்கூலி. தனியார் வேலையில் அப்பாவுக்கு விடுப்பு என்று சட்டம் எதுவும் இல்லை. ஐந்து நாள் என்னோடு இருந்தார், ஐந்து நாள் கூலி போனது. வாடகைக்கும் வீட்டுச் செலவுக்கும் பிரசவத்துக்கு முன்பே என் இரண்டு பவுன் செயினை 60,000-க்கு அடகு வைத்திருந்தோம். தையல் ஆறுவதற்குள் ஒருநாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த அலுவலக மாடிப்படி ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் அடிவயிறு சுண்டி இழுத்தது. சம்பளத்தோடு விடுப்பு என்பது அந்த மாதத்தில் வந்தால்தானே உதவும்?

என் நாத்தனார் அரசுப் பள்ளி ஆசிரியை. தமிழக அரசு 2021 முதல் தரும் பன்னிரண்டு மாத விடுப்பில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார், மாதாமாதம் சம்பளமும் வந்தது. எனக்கு அதில் பொறாமை இல்லை. பனியன் கம்பெனிப் பெண்ணுக்கும் பிள்ளை அதே மாதிரிதான் பிறக்கிறது.

ஜூன் கடைசியில் ஒரு காலை, மகனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது பணம் வந்துவிட்டதாகப் போனில் செய்தி வந்தது. ஈரக்கையோடு மூன்று முறை படித்தேன். அன்றைக்கே செயினை மீட்டோம். நாலு மாத வட்டி 2,400 ரூபாயை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை.